இரண்டு தடவை சொன்ன பேர்

ஈசூன்
சிங்கப்பூர், 17 ஜூலை 2025, வியாழன்

கவி,

சாப்பாட்டுப் பையில் கடிதம் இருக்கிறதே என்று பையையே திருப்பி அனுப்பிவிடாதே. வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாய். போன் அடித்தால் ஒரு மணியோடு அறுந்துபோகிறது. குழந்தை இருக்கும் வார்டுக்குள் அம்மா, அப்பாவைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார்களாம். மிச்சம் இருப்பது பேனாதான். என் தம்பியையே தபால்காரனாக்கிவிட்டேன். "கொண்டுபோய்க் குடுக்கிறேன் அக்கா, ஆனா அவ படிப்பாளான்னு எனக்குத் தெரியாது லா" என்றான் ஷங்கர். பரவாயில்லை, நான் எழுதிவிடுகிறேன்.

நேற்று அவசரப் பிரிவிலிருந்து நீ ஒரு வரி கேட்டிருந்தாய். "அன்னைக்கு உங்களுக்கு எப்போலேர்ந்து சளி?" நான் அதைப் படித்துவிட்டுப் பத்து நிமிஷம் பதில் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் நீ தடுத்துவிட்டாய். பதில் இதோ: வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்க வந்தபோது எனக்குச் சளி பிடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நீ அங்கேயே ஒரு தடவை கேட்டாய், நான் "ஏசி ஒத்துக்கல" என்றேன். பொய்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். குவீன்ஸ்டவுன் பாலர் பள்ளியில் பதினாறு வருஷமாகக் காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறவள். நெற்றியில் தெர்மாமீட்டரைக் காட்டு, உள்ளங்கையைத் திருப்பு, வாயைத் திற. மூக்கு ஒழுகினால், "ஸாரிங்க, இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." மீட்டிங் இருக்கிறது என்று என் முன்னாலேயே அழுத தாய்மார் உண்டு. யாருக்கும் நான் இளகியதில்லை. காலையிலேயே காய்ச்சல் மருந்தைக் கொடுத்துச் சூட்டை இறக்கிக் கூட்டிவரும் பெற்றோரைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன், பிள்ளையின் கண்ணே சொல்லிவிடும். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஜாலான் புசாருக்கு உன் வீட்டுக்கு வந்தேன்.

ஏன் என்று கேட்பாய். அத்தைதான் காதில் பேர் சொல்ல வேண்டும். ஷங்கருக்கு நான் ஒரே அக்கா. நான் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்காருவாள். ஆறு வருஷம் நீங்கள் இரண்டு பேரும் காத்திருந்த பிள்ளை, அவள் காதில் முதல் வார்த்தையை நான் போட வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

குனிந்தபோதுதான் அந்தக் காதைக் கிட்டத்தில் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதிலேயே எல்லா மடிப்பும் இருக்கிறது, பூனைமுடிகூட இருக்கிறது. ஒரு தடவை "வான்மதி" என்றேன். இரண்டாவது தடவை சொன்னேன். மூன்றாவதற்கு வாயைத் திறக்கும்போது தொண்டை அரித்தது. முகத்தைத் திருப்பி முந்தானைக்குள் இருமினேன். எல்லாரும் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள். நீ மட்டும் தட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஷங்கரிடம் சொல்லி அனுப்பு. டிபனில் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் இருக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கிய மீன், முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் சமைத்தேன். நீ சாப்பிட்டால்தான் அவளுக்குப் பால்.

சங்கீதா


குழந்தைகள் வார்டு
18 ஜூலை, வெள்ளி, காலை

அண்ணி,

படித்தேன். சாப்பாட்டைத் திறக்கவில்லை, அப்படியே திருப்பி அனுப்புகிறேன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து தமிழில் இவ்வளவு எழுதியதில்லை, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள்தான் டீச்சர் ஆயிற்றே.

எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தடவை மூச்சு விடுகிறாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து வெளியே வருகிறது. கழுத்துக்குக் கீழே ஒரு பள்ளம் விழுகிறது. மூக்கு இரண்டு பக்கமும் விரிகிறது. மூன்று கிலோ தொள்ளாயிரம் கிராம் உடம்பு, மொத்தமும் மூச்சு விடுவது என்ற ஒரே வேலையில் இருக்கிறது. நேற்று பால் கொடுக்கப் பார்த்தேன். இரண்டு வாய் இழுத்தாள், விட்டுவிட்டாள், நீலமாகிப் போனாள். பால் குடிப்பதா மூச்சு விடுவதா என்று இரண்டில் ஒன்றைத்தான் அவளால் செய்ய முடிகிறது. அதனால் இப்போது மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். நான் பம்ப் செய்து தருகிறேன், நர்ஸ் ஊசிக்குழாயில் ஊற்றுகிறார், அது சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மூக்கில் இன்னும் இரண்டு குழாய், அதில் சூடான ஈரக்காற்று.

மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். ஆர்எஸ்வி என்ற வைரஸாம். ப்ராங்கியோலைட்டிஸ் என்று பேர். டாக்டர் டிஷ்யூப் பெட்டியின் பின்னால் வரைந்து காட்டினார். நுரையீரல் என்று தலைகீழாக ஒரு மரம், கிளை, கிளைக்குள் கிளை. கடைசி நுனியில் இருக்கும் குழாய் சேமியாவைவிட மெல்லியது. அதன் சுவர் வீங்கி, உள்ளே சளி அடைத்துக்கொள்கிறது. "பெரியவங்களுக்கு இது வெறும் ஜலதோஷம்" என்றார். உங்களுக்கு வெறும் ஜலதோஷம், அண்ணி.

மருந்து என்ன என்று கேட்டேன். இல்லை என்றார். ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, புகையாக உள்ளே இழுக்கும் மருந்தும் இதற்குப் பெரிதாக உதவாது. மூக்கைச் சுத்தம் செய்வோம், ஆக்ஸிஜன் தருவோம், பால் தருவோம், மற்றதை அவளேதான் செய்ய வேண்டும் என்றார். இவ்வளவு பெரிய கட்டடம், இத்தனை மெஷின், வெள்ளைக் கோட்டுப் போட்ட இத்தனை பேர், எல்லாரும் சேர்ந்து முப்பத்தாறு நாள் பிள்ளை என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவளுக்கு நாங்கள் பார்ப்பது தெரியாது. அவள் பாட்டுக்கு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அவளைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போலவும் இருக்கிறது.

இன்னொன்று. 25ஆம் தேதிக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பேர் கேட்பார்கள். தொட்டில் அட்டையில் இன்னும் 'கவிப்ரியாவின் குழந்தை' என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வேறு பேர் யோசிப்போம். உங்கள் மூச்சோடு சேர்ந்து வந்த பேர் என் பிள்ளைக்கு வேண்டாம்.

கவிப்ரியா


ஈசூன்
19 ஜூலை, சனி

கவி,

நீ திருப்பி அனுப்பிய டிபனை நேற்று சாயங்காலம் ஷங்கர் கொண்டுவந்தான். வீட்டுக்குள் வரவில்லை. என் இருமலுக்குப் பயந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிஷம் கழித்துக் குப்பை போட வெளியே வந்தால், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறான். நாற்பது வயது ஆள். "என்னடா ஆச்சு?" என்றேன் தள்ளி நின்றே. "இப்ப ஓகே, அக்கா. இப்ப ஓகே." அதைத் தவிர ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போய்விட்டான்.

இப்போது ஓகே என்றால் அதற்கு முன்னால் ஓகேயாக இல்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியாதா? ராத்திரி முழுக்க முருகா முருகா என்று கிடந்தேன்.

பேர் விஷயம் படித்தேன். வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அது உன் பிள்ளை, உன் உரிமை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

டாக்டர் வரைந்த மரத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு எங்கள் பள்ளியின் தூக்க நேரம்தான் நினைவு. மதியம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்தால் பதினெட்டுப் பாய், பதினெட்டுப் பிள்ளை. நான் பாய் பாயாக நடந்து வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும். விதி அப்படி. பதினாறு வருஷம் அதைக் காய்கறி எண்ணுகிற மாதிரி எண்ணியிருக்கிறேன். ஒரு நாள்கூட, அடடா, இத்தனை மரம் இந்த அறைக்குள் அசைந்துகொண்டிருக்கிறதே, யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாரும் சாவி கொடுக்காமல் இது நடக்கிறதே என்று தோன்றியதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் மடக்கி நிறுத்தத் தெரிந்த எனக்கு, எதைக் காப்பாற்றுவதற்காக நிறுத்துகிறேன் என்று தெரியாமலே போய்விட்டது. உன் மகள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

தலைமையாசிரியையிடம் நேற்றே போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். சளியை மறைத்துக்கொண்டு ஒரு மாதக் குழந்தையைத் தொட்டேன் என்றேன். அந்தம்மா, இருமல் சுத்தமாக நிற்கும்வரை பள்ளிப் பக்கம் வரவேண்டாம் என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடிதம் எழுத வேண்டாம். பேச வேண்டாம். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்ற அந்த எண்ணை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஷங்கரிடம் கொடுத்து விடு. எனக்கு அது போதும்.

குழம்பு திரும்பவும் வைத்திருக்கிறேன். கோபத்தை என்மேல் காட்டு, உன் வயிற்றின்மேல் காட்டாதே.

சங்கீதா


20 ஜூலை, ஞாயிறு

62. ஆக்ஸிஜனோடு.

குழம்பில் உப்பு ஜாஸ்தி.


ஈசூன்
21 ஜூலை, திங்கள்

கவி,

அறுபத்திரண்டு! எழுபத்திரண்டிலிருந்து அறுபத்திரண்டு! அந்தத் துண்டுத் தாளைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். சிரிக்காதே. பால் பாக்கெட் வாங்கப் போகிற வழியில் லிஃப்டில் கீழ்வீட்டு சுஹைப் அண்ணன் நின்றார், அவரிடம்கூட "அறுபத்திரண்டு" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் எதற்கு என்றே தெரியாமல் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

உப்பு ஜாஸ்தி என்றால் வாயில் வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். இன்றைக்குக் குறைத்திருக்கிறேன்.

பேரைப் பற்றிப் பேசமாட்டேன் என்றேன், இன்று பேசுகிறேன், ஒரே தடவைதான். உனக்கு அந்தப் பேர் வேண்டாம் என்றால் மனசில் உறுத்தல் வைத்துக்கொள்ளாதே. முத்துசாமி பெரியப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார், மனுஷனுக்கு எதிலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். "ரெண்டு தடவைதானம்மா சொன்னே? மூணு சொன்னாத்தான் பேரு நிக்கும். இது இன்னும் நிக்கல" என்றார். ஆகவே சாஸ்திரப்படியும் உன் கை கட்டப்படவில்லை. நீயும் ஷங்கரும் நல்லதாக ஒரு பேர் பார்த்து, நீங்களே அவள் காதில் மூன்று தடவை சொல்லுங்கள். நான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கொள்வேன். என்ன பேர் என்றாலும் அவள் திரும்பிப் பார்த்தால் போதும் எனக்கு.

இதை எழுதி முடிக்க மூன்று தாள் கிழித்தேன். இரண்டில் அழுதுவிட்டேன், ஒன்றில் இருமிவிட்டேன். இருமிய தாளை அனுப்பக்கூடாது இல்லையா. இந்த ஒன்றை முகக்கவசம் போட்டுக்கொண்டு எழுதினேன்.

நாளைக்கும் எண் அனுப்பு.

சங்கீதா


ஜாலான் புசார், வீடு
24 ஜூலை, வியாழன்

அண்ணி,

வீட்டுக்கு வந்துவிட்டோம். காலை பதினோரு மணிக்கு விட்டார்கள். இப்போது அவள் பக்கத்தில் தூங்குகிறாள். நாற்பத்து நான்கு. குழாய் ஒன்றும் இல்லாமல், சாதாரணக் காற்றில் நாற்பத்து நான்கு. நான் ஐந்து தடவை எண்ணிவிட்டேன், ஷங்கர் இரண்டு தடவை.

மூன்று நாளாக எண்ணை மட்டும் அனுப்பினேன். மற்றதை எழுதத் தைரியம் வரவில்லை. இப்போது வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் நிறுத்தினால் சொல்லமாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்த அன்றைக்கு, நாலரை மணி இருக்கும். நான் பம்ப் செய்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழிந்து குழிந்து எழும்பிக்கொண்டிருந்த நெஞ்சு நின்றது. அவ்வளவுதான், நின்றது. அழவில்லை, துடிக்கவில்லை. ஆக்ஸிஜன் அளவு காட்டும் மெஷினில் தொண்ணூற்றாறு என்று இருந்தது தொண்ணூறு ஆனது, எண்பத்து நாலு, எழுபத்தேழு. மணி அடிக்கத் தொடங்கியது. நான் பம்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த வார்டில் ஃபஸீலா என்று நம் தமிழ் பேசும் நர்ஸ், அவர்தான் ஓடி வந்தார். ஓடி வந்தார் என்றாலும் கையில் பதற்றம் இல்லை. அவளை ஒரு கையில் தூக்கி, முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார். "அம்மா, சும்மா நிக்காதீங்க. பேரு சொல்லிக் கூப்பிடுங்க! பாப்பா பேரு என்ன?"

நான் கத்தினேன். "வான்மதி!"

வேறு எந்தப் பேரும் வரவில்லை அண்ணி. காலையில்தான் அது வேண்டாம் என்று உங்களுக்கு எழுதினேன். எழுதிய மை காய்வதற்குள் அதைத்தான் கத்தினேன், பக்கத்துத் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொள்ளும் அளவுக்கு.

நர்ஸ் இன்னொரு தடவை சுண்டினார். ஒரு சின்ன விக்கல். நெஞ்சு உள்ளே குழிந்தது, வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. எழுபத்தேழு, எண்பத்திரண்டு, தொண்ணூற்று மூன்று. வாசலில் நின்ற ஷங்கர் கையில் இருந்த உங்கள் டிபனோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இந்த நோயில் இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி மூச்சு மறந்துபோவது உண்டு என்று டாக்டர் பிறகு சொன்னார். மறந்துபோவது என்றுதான் சொன்னார். மூச்சு வந்தது ஃபஸீலாவின் விரலால், என் கத்தலால் இல்லை. அது எனக்குத் தெரியும், பைத்தியம் இல்லை. ஆனால் அந்த ஒரு கணம் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு மூச்சு வந்தது. பிறந்தபோதுகூட நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை, மயக்கத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை பார்த்தேன்.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டமான பகுதி.

திங்கட்கிழமை டாக்டர் நோயின் நாள் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். "முதல் தும்மல் எப்போ?" என்று கேட்டார். எல்லாரிடமும் நான் சொல்லி வந்தது திங்கட்கிழமை, பதினாலாம் தேதி. அன்றைக்கு ஏனோ அவரிடம் பொய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என்று சொன்னேன். பேர் வைக்கும் நாள், காலை ஏழரை. குளிப்பாட்டித் துவட்டும்போது இரண்டு தும்மல் போட்டாள், மூக்கு ஈரமாக இருந்தது. நான் துடைத்துவிட்டுப் பட்டுப் பாவாடையைச் சுற்றினேன். அறுபது பேரைக் கூப்பிட்டாச்சு, வாழை இலை வந்து இறங்கியாச்சு, ஒரு தும்மலுக்கு யாராவது விசேஷத்தை நிறுத்துவார்களா என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஷங்கரிடம்கூட.

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். இந்த வைரஸ் உள்ளே போய் வெளியே தெரிய நாலைந்து நாள் பிடிக்குமாம். அப்படியானால் நீங்கள் வாசல் மிதிப்பதற்கு முன்பே அது அவளுக்குள் இருந்தது. உங்கள் சளி உங்களுடையது. இவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், யாருக்குத் தெரியும்? எட்டாம் தேதி, முப்பது நாள் வெளியே கொண்டுபோகாதே என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல், அந்தப் பாவாடை வாங்க அவளைத் தூக்கிக்கொண்டு லிட்டில் இந்தியா முழுக்க அலைந்தேன். லிஃப்டில், கடையில், எத்தனை பேர் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள்.

உங்களுக்குப் புரிகிறதா? அவசரப் பிரிவில் உட்கார்ந்து, "உங்களுக்கு எப்போலேர்ந்து சளி" என்று நான் டைப் செய்தபோது எனக்கு அந்த இரண்டு தும்மல் நினைவில் இருந்தது. என் இரண்டு தும்மலை ஒளித்து வைத்துக்கொண்டு உங்கள் ஒரு இருமலைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருந்தீர்கள், அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் தலைமையாசிரியை வரைக்கும் போய்ச் சொன்னீர்கள். நான் என் புருஷனிடம் சொல்லவே எட்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள், கணக்கு சரியாகிவிட்டது என்று. இரண்டு நீங்கள் சொன்னது. மூன்றாவதை நான் வார்டில் சொல்லிவிட்டேன். காதில் மெதுவாகச் சொல்லவில்லை, அலறிச் சொன்னேன், பரவாயில்லையா என்று கேளுங்கள்.

இன்றைக்கு மத்தியானம் ஷங்கர் போனிலேயே பதிந்துவிட்டார். நாற்பத்திரண்டு நாள் கெடு நாளையோடு முடிகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்தேன். வான்மதி ஷங்கர்.

இப்போது உங்களைத் தடுத்ததை எடுத்துவிட்டேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் என் வாயால் சொன்னால் பாதியில் அழுது, நீங்கள் "விடு கவி, விடு" என்று சொல்லி, நான் சொல்லாமலே தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதினேன்.

வந்து பாருங்கள் அண்ணி. 

கவி


ஈசூன்
25 ஜூலை, வெள்ளி

கவி,

என்னைப் பற்றி உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. "விடு கவி, விடு" என்றுதான் சொல்லியிருப்பேன். எழுதியதால் சொல்லவில்லை. கிச்சனில் நின்றுகொண்டே படித்தேன், நெஞ்சு நின்றது என்று எழுதியிருந்த இடத்தில் எனக்கும் நின்றது. அடுத்த வரிக்குப் போக எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. கத்திரிக்காய் கருகிப்போனது.

பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பெத்தவ சொன்னா காது எதுக்கும்மா? அலறினாலும் நிக்கும்" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார்.

தேதிக் கணக்குப் பார்த்து நீ என்னை விட்டுவிட்டாய். நான் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் சளி அவளுக்கு ஒட்டவில்லை என்றால் அது என் சாமர்த்தியம் இல்லை, என் அதிர்ஷ்டம். இன்னொரு வீட்டில், இன்னொரு பிள்ளைக்கு ஒட்டியிருக்கும். நீ தும்மலை ஒளித்தாய், நான் இருமலை ஒளித்தேன், இரண்டு பேரும் இலை போட்டாச்சே, புடவை கட்டியாச்சே என்றுதான் பார்த்தோம். அவள் ஒருத்திதான் அன்றைக்கு எதையும் ஒளிக்காதவள். தும்மல் வந்தது, தும்மினாள். அவளைப் பார்த்து நாம் இரண்டு பேரும் கற்றுக்கொள்ளலாம்.

வரச் சொல்கிறாய். இப்போது வரமாட்டேன். காலையில் எழுந்தால் இன்னும் இரண்டு இருமல் வருகிறது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி சனிக்கிழமை வருகிறேன், அதற்கு முன்னால் நான்கு நாள் ஒரு இருமல்கூட இல்லாமல் இருந்தால் மட்டும். வந்ததும் என்னை உள்ளே கூப்பிடாதே. நீ தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வாசலில் நில். நெற்றியில் காட்டு, உள்ளங்கையைத் திருப்பச் சொல், வாயைத் திறக்கச் சொல். காலையில் மாத்திரை ஏதாவது போட்டீர்களா அண்ணி என்று என் கண்ணைப் பார்த்துக் கேள். சந்தேகம் வந்தால், "ஸாரிங்க, இன்னிக்கு வீட்டுக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிடு. நான் கோபித்துக்கொள்ளாமல் எம்ஆர்டி பிடித்து வந்துவிடுவேன்.

உள்ளே விட்டால் கையைக் கழுவிக்கொண்டு, முகக்கவசத்தோடு தள்ளி உட்காருகிறேன். பேரைச் சொல்லமாட்டேன், அது முடிந்துவிட்டது. குனியமாட்டேன், தூக்கமாட்டேன். ஒரே ஒரு நிமிஷம் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் மூச்சை நானே எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை நீயும் ஷங்கரும் பேசாமல் இருங்கள்.

வான்மதியின் அத்தை
சங்கீதா